யார் படிக்கிறார்கள், எங்கே எழுதுவது: தமிழில் வலைப்பூ நடத்திவரும் அனுபவம்

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பாரம்பரிய நெல் வகைகளையும் வீட்டுச் சமையலையும் பற்றி நெடுங்காலமாக வலைப்பூ எழுதி வருகிறேன். புதிதாக எழுத விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தாம்: இப்போது வலைப்பூவை யார் படிக்கிறார்கள், எங்கே எழுதினால் நல்லது? படிப்பவர் எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்கிறார் என்று தெரிந்தால்தான் எங்கே எழுதுவது என்பதைத் தீர்மானிக்க முடியும் என்பதால், இரண்டுக்கும் சேர்த்தே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ் வலைப்பதிவுகளின் தொடக்க காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. பலருடைய புதிய பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டியாகக் காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணத்தின் முகப்பில் நம் பதிவு வந்துவிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் பின்னூட்டங்கள் வந்து சேரும். எழுதியவர்களே படித்தார்கள், படித்தவர்களே எழுதினார்கள். பிறகு முகநூல் பரவியது. தளங்களின் புதிய பதிவுகளைத் தானே கொண்டுவரும் செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது. திரட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பின்னூட்டமிடும் வாசகர் முகநூலுக்குப் போய்விட்டார். வலைப்பூ செத்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டியது அப்போதுதான். அந்த முடிவை நான் ஏற்கவில்லை; அதற்கான காரணத்தைக் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து பார்க்கும் யாரும் தெரிந்துகொள்ளலாம்.

தேடலின் வழியாக நம் பதிவுக்கு வந்தவர்கள் என்ன சொற்களைத் தட்டித் தேடினார்கள் என்பதை அந்தக் கருவி பதினாறு மாதங்கள் வரைக்கும் காட்டும். என் பட்டியலில் திரும்பத் திரும்ப வருபவை இப்படிப்பட்ட சொற்றொடர்கள்: 'மாப்பிள்ளை சம்பா வேகவே இல்லை', 'கருப்பு கவுனி எவ்வளவு நேரம் ஊற வைக்க', 'கவுனி அரிசி குழந்தைக்கு கொடுக்கலாமா'. இவற்றைத் தட்டியவர் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்கு விடை இப்போதே தேவைப்படுகிறது என்பது படித்தவுடனேயே புரிகிறது. அவர் என் பெயரை அறியமாட்டார், பின்னூட்டம் இடமாட்டார், விருப்பக்குறியும் போடமாட்டார். ஆனால் நான் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய பதிவை இன்று காலையில் படித்திருக்கிறார். எனவே சமையல் பதிவுகளில், இரவே ஊற வைக்க வேண்டும் என்பது போன்ற செய்தியை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, அந்த நெல்லின் கதையை அதற்குப் பின்னால் விரிவாக எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கதையைப் படிப்பவர் கடைசி வரை படிக்கிறார். அவசரத்தில் இருப்பவருக்கும் வேண்டியது கிடைத்துவிடுகிறது.

வாசகர் யார் என்பதற்கு இன்னும் உறுதியான சான்று மின்னஞ்சல்கள். காரைக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், கவுனி அரிசி இனிப்பைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, தங்கள் வீட்டில் இரவு முழுக்க ஊற வைத்த அரிசியை ஆவியில் வேக வைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் ஏலமும் சேர்ப்பார்கள் என்றும், ஊறிய தண்ணீரைக் கொட்டக் கூடாது, அதையே தெளித்து வேக வைத்தால்தான் அந்தக் கருநிறம் முழுதாக நிற்கும் என்றும் எழுதியிருந்தார். அதை அவர் அனுமதியோடு பதிவில் சேர்த்தேன். எந்தப் பார்வை எண்ணிக்கையையும் விட அந்தக் கடிதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த எண்ணிக்கையில் தேடுபொறிகளின் இயந்திர வருகைகளும் கலந்திருக்கும். தொடர்பே இல்லாத ஒரு நாட்டிலிருந்து திடீரென நூற்றுக்கணக்கான பார்வைகள் காட்டினால் மகிழ வேண்டாம், மறுநாளே அவை காணாமல் போகும்.

வாசகர் தேடலின் வழியாக, பல ஆண்டுகள் கழித்தும் வருகிறார் என்றால், எழுதும் இடத்துக்கு முதல் தகுதி முகவரி மாறாமல் இருப்பதே. கூகுள் 2003-இல் வாங்கிய ப்ளாக்கர் என்ற வலைப்பூச் சேவையில்தான் நான் எழுதுகிறேன். அது இலவசம், நம் சொந்த டொமைனை, அதாவது நம் பெயரில் பதிவுசெய்த இணைய முகவரியை, அதில் இணைப்பதற்கும் கட்டணம் இல்லை, டொமைனுக்குரிய ஆண்டுத் தொகையை மட்டும் பதிவு நிறுவனத்துக்குக் கட்டினால் போதும். சொந்த டொமைனை நான் இத்தனை வற்புறுத்துவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சொந்த டொமைன் இல்லாத ப்ளாக்கர் வலைப்பூக்களுக்கு வரும் இந்திய வாசகர்களை 2012 முதல் ப்ளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் எல்லோரும் அந்த முகவரியையே நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 2020-இல் அந்த டொமைன் கூகுளின் கையைவிட்டுப் போனபோது அந்தச் சுட்டிகளெல்லாம் பயனற்றுப் போயின. அதற்கு முந்தைய ஆண்டு கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டதும், அதன் வழியாக இடப்பட்டிருந்த பின்னூட்டங்கள் வலைப்பூக்களிலிருந்து மறைந்தன. முகவரி நம்முடையதாக இருந்தால், நாளை ப்ளாக்கரே நின்றாலும் பதிவுகளை வேறிடத்துக்கு மாற்றி அதே முகவரியில் தொடரலாம்.

ப்ளாக்கரில் தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் அது அந்த எழுத்துகளை முகவரியில் ஏற்காது. 'ப்ளாக்-போஸ்ட்' என்ற பொதுப் பெயரையும் ஓர் எண்ணையும் போட்டுவிடும். பதிவிடுவதற்கு முன், வலப்பக்க அமைப்புகளில் முகவரியை நாமே ரோமன் எழுத்தில் 'kavuni-arisi' என்பது போல் தட்டிவிட வேண்டும், வெளியிட்ட பிறகு அதை அப்படியே மாற்ற முடியாது. இன்னொரு வலைப்பூச் சேவையான வேர்ட்பிரஸ் தமிழை முகவரியில் ஏற்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரிவதால், (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என) ஐந்து குறிகள் கொண்ட 'தமிழ்' என்ற ஒரு சொல்லே நாற்பத்தைந்து எழுத்து நீளமாகிவிடும். அந்தச் சுட்டியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அடையாளமே தெரியாத நீண்ட சரமாக நிற்கும். அங்கும் ரோமன் எழுத்து முகவரியே நல்லது.

வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரங்கள் வரும், சொந்த டொமைனுக்கு ஆண்டுக் கட்டணத் திட்டம் வேண்டும். வாடகைக்கு எடுத்த தனி வழங்கியில் (சர்வரில்) வேர்ட்பிரஸை நிறுவுவது எல்லாவற்றையும் விடச் சுதந்திரமானது, அதற்கேற்ற பராமரிப்பும் உண்டு. வாரந்தோறும் மேம்படுத்தல்களைக் கவனிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பதிவுகளைச் சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் சேவையாக 2017-இல் வந்த சப்ஸ்டாக்கில் எனக்குப் பிடித்தது, சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலை நாம் எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பது. தொடர்ந்து ஒருவரையே படிக்கும் பழக்கமுள்ள வாசகர்களுக்கு அது பொருந்தும். அடுப்படியிலிருந்து தேடி வருபவருக்கு அன்று.

முகநூலை நான் விலக்கவில்லை. புதிய பதிவின் முதல் இரண்டு பத்திகளையும் சுட்டியையும் அங்கே இடுகிறேன், கிராமத்துக் குழுக்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன். அன்றைய பேச்சுக்கு அவற்றைப் போல் உதவுவது வேறில்லை. ஆனால் முழுக் கட்டுரையையும் அங்கே மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நீண்ட கட்டுரைகளுக்கென்றே இருந்த நோட்ஸ் வசதியை முகநூல் 2020 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. மேலும், ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவை எழுதியவரே தேடிப் பிடிப்பது சிரமம் என்னும்போது, அறியாத வாசகர் எப்படி வந்து சேர்வார்?

வருமானம் எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: தளங்களில் விளம்பரம் இட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டது. நெல்லைப் பற்றியும் பொங்கலைப் பற்றியும் எழுதும் தனிநபருக்கு அது டொமைன் கட்டணத்தை ஈடுகட்டினாலே பெரிது. நான் விளம்பரம் வைக்கவில்லை. கைபேசியின் சிறிய திரையில் செய்முறைக்கு நடுவே விளம்பரம் குறுக்கிடுவதை என் வாசகருக்குச் செய்ய மனம் வரவில்லை.

எங்கே எழுதினாலும் இரண்டு காரியங்களை விடாமல் செய்யுங்கள். பதிவுகள் அனைத்தையும் அவ்வப்போது தரவிறக்கி வீட்டுக் கணினியில் வையுங்கள்; ப்ளாக்கரில் எழுதுவோர் நம் தரவுகளைத் தரவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக இதைச் செய்யலாம். முக்கியமான பதிவுகளை இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் நீங்களே சேமித்துவிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. டொமைனைப் பத்து ஆண்டுகள் வரை முன்கூட்டியே புதுப்பிக்க முடியும். புதுப்பிக்கும் தேதியையும் கடவுச்சொல்லையும் வீட்டில் இன்னொருவர் அறிந்திருக்கட்டும். என் வீட்டில் அந்தப் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்திருக்கிறேன்.