ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர்: சாஃப்ட்னர், ஆர்.ஓ., காந்தக் கருவி, மழைநீர் – எது எதற்கு உதவும்?

கோவையில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ சில நாட்களுக்கு ஒருமுறை வருவது நல்ல தண்ணீர். மேல்தொட்டியிலிருந்து எந்நேரமும் இறங்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத் தண்ணீர். ஷவரின் துளைகளை அடைப்பதும், ஹீட்டரின் சுருளில் வெள்ளைப் படிவமாக ஏறுவதும், எத்தனை விசில் விட்டாலும் பருப்பை வேகவிடாமல் செய்வதும் இந்த இரண்டாவது நீர்தான். இதற்குத் தீர்வாக விற்கப்படுபவை பல. அவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதுபோலப் பேசப்பட்டாலும் செய்யும் வேலையில் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இருக்கிறது.

விற்பனையாளர் முதலில் காட்டுவது டி.டி.எஸ். மீட்டராகத்தான் இருக்கும். அது நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து மதிப்பிடும் கருவி; கடினத்தன்மை என்பதோ கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டை மட்டுமே சார்ந்தது. 1,500 டி.டி.எஸ். காட்டும் நீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராமாகவும் இருக்கலாம், 800 ஆகவும் இருக்கலாம். எனவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேறு ஆய்வகத்திலோ கடினத்தன்மையையும் இரும்பின் அளவையும் தனியாகச் சோதித்து அறியாமல் எந்தக் கருவியையும் வாங்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

கடினத்தன்மையை உண்மையாகவே நீக்குவதில் வீட்டளவில் முதலிடம் அயனிப் பரிமாற்ற சாஃப்ட்னருக்குத்தான். உருளைக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை நீருக்குள் விடுகின்றன. ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். சோப்பு நுரைப்பதும், துணி விறைக்காமல் இருப்பதும், ஓடுகளில் வெள்ளைத் திட்டு விழாமல் இருப்பதும் முதல் வாரத்திலேயே தெரியும். ஆனால் டி.டி.எஸ். குறையாது, ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும் வேலை என்பதால் அது சற்றுக் கூடவும் செய்யும். நீரில் இரும்பு இருந்தால் ரெசின் விரைவில் கெடும் என்பதால், அதற்கு முன்னால் இரும்பு நீக்கும் வடிகட்டி வேண்டும்.

சாஃப்ட்னரை வாங்கும்போது பலர் கேட்காமல் விடுவது உப்புக் கணக்கை. நான்கு பேர் உள்ள வீட்டில் குளிக்கவும் துவைக்கவும் நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவாகிறது என்றும், கடினத்தன்மை 600 என்றும் கொண்டால், தினமும் 300 கிராம் அளவுக்குக் கடினத்தன்மையை நீக்க வேண்டியிருக்கும். நடைமுறையில் அதற்கு 600 முதல் 700 கிராம் உப்பு தேவைப்படும். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ. கல் உப்பு மலிவானது என்பதால் பணச் சுமை பெரிதன்று. அந்த 20 கிலோவின் பெரும்பகுதி கழிவுநீராக எங்கே போகிறது என்பதே கேள்வி. பாதாளச் சாக்கடை இருந்தால் அது வீட்டு எல்லையைக் கடந்துவிடும், ஊரின் சிக்கலாக மாறும். செப்டிக் டேங்க்கும் உறிஞ்சுகுழியும் உள்ள தனி வீட்டிலோ, அது தரைக்குள் இறங்கி, நாம் இறைக்கும் அதே நிலத்தடி நீரை நோக்கிச் செல்கிறது. தென்னைக்கும் செடிகளுக்கும் இந்தக் கழிவை விட்டால் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, உறிஞ்சுகுழி உள்ள வீட்டுக்குச் சாஃப்ட்னரைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

மென்மையாக்கிய நீரைக் குடிப்பதும் சரியன்று. 600 கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 276 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. மூன்று லிட்டர் குடிப்பவருக்கு அதிலேயே 800 மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆர்.ஓ. பொருந்தும், நுண்சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிகட்டும் அது கடினத்தன்மையோடு மற்ற உப்புகளையும் குறைத்துவிடும். வீடு முழுவதற்கும் அதை வைக்க நினைப்பது தவறு. சாதாரண வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதற்கு இந்த விரயமே முதன்மைக் காரணம். சிறுவாணி நீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

குழாயின் மேல் சுற்றி மாட்டும் காந்தக் கருவிகளும் மின்னணுக் கருவிகளும் கால்சியத்தை நீக்குவதில்லை. படிவத்தின் இயல்பை மாற்றுவதாக மட்டுமே அவை உரிமை கொண்டாடுகின்றன. பொருத்துவதற்கு முன்னும் பின்னும் கடினத்தன்மையைச் சோதித்தால் ஒரே எண்தான் வரும் என்பதால், வேலை செய்கிறதா என்று வீட்டில் உறுதிப்படுத்த வழியில்லாத பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம். பாலிபாஸ்பேட் நிரப்பிய சிறு வடிகட்டிகள் இவற்றைவிட நேர்மையானவை: கால்சியத்தை நீரிலேயே கரைந்த நிலையில் பிடித்து வைத்துப் படிவதைத் தடுக்கின்றன. வாஷிங் மெஷினின் குளிர்நீர்க் குழாய்க்கு அது போதுமானது; ஹீட்டரின் அதிக வெப்பத்தில் அதன் ஆற்றல் குறைந்துவிடும். ஹீட்டரின் வெப்பநிலையை 50 டிகிரி அளவில் வைப்பதும், ஆண்டுக்கொருமுறை திறந்து படிவத்தை எடுப்பதும் செலவில்லாத, பலன் தரும் வழிகள். கழிவறை ஆசிட்டைக் கொண்டு குழாய்களைத் தேய்ப்பது மட்டும் வேண்டாம். கறையோடு குரோம் பூச்சும் போய்விடும். வினிகரோ சிட்ரிக் அமிலமோ போதும்.

முடி உதிர்வைக் காட்டிச் சாஃப்ட்னர் விற்பவர்கள் அதிகம். கோவை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், கடினநீரில் நனைத்த முடியின் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பிற்பாடு பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் வலிமை குறைந்ததாகத் தெரிந்தது. இரண்டும் முடி இழையின் வலிமையைப் பற்றியவையே அன்றி, வேரிலிருந்து உதிர்வதைப் பற்றியவை அல்ல.

மழைநீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டுக்கு 600 மி.மீ. மழை பெய்தால், இழப்பு போக 40,000 லிட்டருக்கு மேல் சேகரிக்கலாம். மேற்சொன்ன வீட்டுக்கு அது ஏறக்குறைய மூன்று மாதத் தேவை. இடையூறு சேமிப்புத்தொட்டிக்கான இடம்தான். முழுவதையும் சேமிக்க முடியாவிட்டாலும், தரைத்தொட்டியில் ஆழ்துளை நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 600 கடினத்தன்மை 300 ஆகிவிடும். மிஞ்சியதை வடிகட்டி ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி நிலத்துக்குள் இறக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆகவே புதிதாகச் செய்ய வேண்டியது, பல வீடுகளில், அடைபட்டுக் கிடக்கும் குழியைத் தூர் வாருவது மட்டுமே.

பாதாளச் சாக்கடை இணைப்புள்ள அடுக்ககத்தில், கடினத்தன்மை 400-க்கு மேல் இருந்தால், காலக்கணக்கில் அல்லாமல் நீர்ச்செலவை அளந்து தானே கழுவிக்கொள்ளும் பொதுச் சாஃப்ட்னர் தகும். தனி வீட்டில் மழைநீர்க் கலப்பையும் வாஷிங் மெஷினுக்கு ஒரு பாலிபாஸ்பேட் வடிகட்டியையும் முதலில் முயல்வேன். அவை போதாதபோதுதான் சாஃப்ட்னர், அதுவும் குளியலறைக்கும் துவைக்கும் இடத்துக்கும் மட்டும். அதற்கு மேல்தொட்டியிலிருந்தே குழாயைப் பிரிக்க வேண்டும். சமையலறை, கழிவறை ஃப்ளஷ், தோட்டம் ஆகியவற்றுக்குத் தனிக் குழாய் போட்டு, வேண்டியபோது சாஃப்ட்னரைத் தவிர்த்து நீரைத் திருப்பிவிட ஒரு பைபாஸ் வால்வும் வைக்கும்படி சுவர் பூசுவதற்கு முன்பே பிளம்பரிடம் சொல்லிவிட்டால், பிறகு ஓடுகளை உடைக்க வேண்டிய தேவை வராது.