பனிப் பாடத்துக்கு பாயிண்ட், எஸ்டிபி தண்ணீருக்கு சைபர்: ஒரு மைதானச் சங்கத்தில் என் அனுபவம்

சந்தா புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்த சமயத்திலேயே, பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு பள்ளி மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, அந்த அமெரிக்கச் சங்கத்துல நீங்க மெம்பர்தானே? நானும் சேரலாமா?" என்று கேட்டார். போனில் அரைகுறையாக ஏதோ சொன்னேன். முழுப் பதில் இது.

சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் திட்டப்போகிறேன். விளையாட்டு மைதானம் பராமரிக்கிறவர்களுக்கான சங்கம். சந்தா கட்டினால் மாதப் பத்திரிகை, வெபினார், பழைய வெபினார்களின் ரெக்கார்டிங், மாதிரி ஆவணங்கள், பரீட்சை எழுதினால் சான்றிதழ். இதெல்லாம் தம்பிக்கே தெரியும். உள்ளே சில வருஷம் இருந்தால்தான் தெரிகிற ஒன்று உண்டு. அதுதான் பாயிண்ட்.

சான்றிதழ் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அது உயிரோடு இருக்க, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துக் காட்ட வேண்டும். கொள்கை சரிதான். பத்து வருஷத்துக்கு முன்னால் படித்ததை வைத்துக்கொண்டு இன்றைக்கு மருந்தடிக்கிறவரிடம் மைதானத்தைக் கொடுக்க நானே யோசிப்பேன். கேள்வி, எதற்குப் புள்ளி கொடுக்கிறார்கள் என்பது.

நேரடி வெபினாருக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிழக்குக் கரை நேரம் ஒரு மணிக்கு வைப்பார்கள். இங்கே இரவு 10.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 11.30 ஆகிவிடும். காலையில் 5.30-க்கு பனி துடைக்க மைதானத்தில் நிற்க வேண்டியவன் நான். (இந்தப் பனி புல்லின் மேல் துளித்துளியாக நிற்பது. மூங்கிலையோ கயிற்றையோ இழுத்தால் போய்விடும். அவர்களுடைய பனியை மண்வாரி இயந்திரத்தால் அள்ளுகிறார்கள்.)

பாடங்களைப் பாருங்கள். குளிர்காலம் வருமுன் ஸ்ப்ரிங்க்ளர் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்கக் காற்றடித்து வெளியேற்றுவது எப்படி. பனிக்கு அடியில் புல்லில் வரும் பூஞ்சைக்கு என்ன செய்வது. கென்டக்கி புளூகிராஸ் என்கிற குளிர்தேசத்துப் புல்லில் வெறும் திட்டு விழுந்தால் மறுபடி விதைப்பது எப்போது. பெங்களூருவில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. அது மறுபடி வந்தாலும் என் குழாய் வெடிக்காது. ஆனாலும் நடுராத்திரியில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குழாயில் காற்றடிப்பதை ஒரு மணி நேரம் கேட்டால் பாயிண்ட் விழும். எங்கள் மூத்த மாலியிடம் (தோட்டக்காரரிடம்) ஒரு நாள் சொன்னேன். தர்மபுரிக்காரர், ரோலர் பிடித்தே தலை நரைத்தவர். "ஏன் சார், அவுங்க ஊர்ல வெயிலே அடிக்காதா?" என்றார்.

கேட்டால் மட்டும் போதாது. நடுநடுவே திரையில் ஒரு பட்டன் வரும், 'நான் இருக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் அழுத்தாவிட்டால் நீங்கள் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஏரியாவில் மழை இரண்டு துளி விழுந்தாலே கரண்ட் போகும். யுபிஎஸ் எடுத்து ரவுட்டர் மறுபடி உயிர் பெறுவதற்குள் பட்டன் வந்து போயிருக்கும். கடைசியில் வருகிற கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் போட்டாலும் பாயிண்ட் கிடையாது. மெயில் போட்டால் ரொம்பப் பணிவாக, "உங்கள் வருகை உறுதி செய்யப்படவில்லை" என்று பதில் வரும். இது ஒரு தடவை நடந்தால் சிரிக்கலாம்.

சரி, உள்ளூரில் படித்ததைக் காட்டிப் புள்ளி வாங்கலாமே என்றால், விதிப்படி வாங்கலாம். இங்கேயே வேளாண்மை படித்த ஒரு பேராசிரியரிடம் நாள் முழுக்க மண்வளப் பயிற்சி எடுத்தேன். குழி வெட்டி, செம்மண் எவ்வளவு ஆழம், எங்கே இறுகியிருக்கிறது, வேர் எங்கே நிற்கிறது என்று கையை விட்டுப் பார்த்த பயிற்சி. அதற்கு விண்ணப்பம் போட்டால் நிகழ்ச்சி நிரல் கேட்டார்கள், பயிற்சியாளரின் தகுதிச் சான்று கேட்டார்கள், நிமிஷக் கணக்கு கேட்டார்கள். எல்லாம் அனுப்பினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. வந்த பதிலில், பாடத்திட்டம் போதிய விவரத்தோடு இல்லை என்று ஒரு வரி. குழிக்குள் இறங்கியதற்குப் பாடத்திட்டம் எப்படி எழுதுவது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு கோபம் இருக்கிறவன் ஏன் விட்டுவிட்டு வரவில்லை? தண்ணீர்தான் காரணம்.

எங்கள் கல்லூரி மைதானம் நடுவில் கிரிக்கெட் ஸ்கொயர் (பிட்ச்கள் இருக்கிற சதுரம்), சுற்றிலும் கால்பந்து, ஓரத்தில் காலை வாக்கிங் கூட்டம் என்று எல்லோருக்கும் பொதுவானது. முன்பு போர்வெல்லும் டேங்கரும் வைத்துத்தான் ஓட்டினோம். 2024 மார்ச்சில் ஊரே வறண்டபோது, குடிநீரைத் தோட்டத்துக்கோ வண்டி கழுவவோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ஐபிஎல் நடத்த சின்னசாமி ஸ்டேடியமே சுத்திகரித்த தண்ணீருக்கு மாறியது. நாங்களும் ஹாஸ்டல் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீரைத் திருப்பிவிட்டோம். புல் முதலில் பச்சைப் பசேலென்று வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் இலை நுனி கருக ஆரம்பித்தது. கோல் போஸ்ட் முன்னால் தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது. காய்ந்ததும் மண் தோசைக்கல் மாதிரி இறுகியது.

அப்போதுதான் சங்கத்தின் பழைய ரெக்கார்டிங்குகளைத் துழாவினேன். பாலைவன மாநிலமான அரிசோனாவில் கழிவுநீரைச் சுத்திகரித்து மைதானத்துக்கு விடுகிற ஒருவர் பேசிய பாடம் கிடைத்தது. அங்கே கோல்ஃப் மைதானங்களில் இது பல காலமாக வழக்கத்தில் இருக்கிற விஷயம். அலட்டல் இல்லாமல், ஸ்லைடில் படம் கூட அதிகம் இல்லாமல் பேசினார். நான் குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தேன்.

அவர் சொன்னதன் சாரம் இது. தண்ணீரில் மொத்த உப்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே, கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்று பார். சோடியம் மிஞ்சினால் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும், அதனால்தான் தண்ணீர் மேலே நிற்கிறது. பைகார்பனேட்டும் கூடுதலாக இருந்தால், இருக்கிற கால்சியத்தையும் அது சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடும், சோடியத்தின் கை இன்னும் ஓங்கும். மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் மண்ணில் சோடியம் பிடித்த இடத்தைப் பிடிக்கும். ஆனால் விரட்டப்பட்ட சோடியம் கீழே போக வழி வேண்டும். அதனால் முதலில் ஏரேட்டரால் துளை போடு, பிறகு ஜிப்சம், பிறகு தாராளமாக நல்ல தண்ணீர்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? இங்கேதான் பெங்களூருவின் வானம் உதவிக்கு வருகிறது. வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை. மே மாதத்தில் ஒரு அடி, செப்டம்பர் அக்டோபரில் பெரிய அடி. அரிசோனாக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் துளை போட்டு ஜிப்சம் தூவிவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு அப்படியே செய்தோம். எங்கள் புல் பெர்முடா, அதாவது நம் அருகம்புல் ஜாதி, உப்பை நன்றாகவே தாங்கும். நுனி கருகுவது நின்றது. கோல் முன்னால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் பெருமழை விட்ட மறுநாள் ஆட முடிகிறது. 2017-ல் சின்னசாமியில் தரைக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் சப்ஏர் அமைப்பைப் போட்டார்கள். எங்களிடம் இருப்பது மண்வெட்டி, கோணிச்சாக்கு, ஸ்பாஞ்ச். அந்த நிலைமைக்கு இது பெரிய விஷயம்.

அதே பாடத்தில் இன்னொரு கணக்கு. எஸ்டிபி தண்ணீரிலேயே உரம் இருக்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள தண்ணீரை ஒரு சீசனில் மொத்தம் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ நைட்ரஜன் தானாகவே விழும். யூரியாவாக மாற்றினால் கிட்டத்தட்ட 44 கிலோ, அதாவது ஒரு மூட்டை. நாங்கள் அதற்கு மேலேயும் யூரியா போட்டுக்கொண்டிருந்தால் புல் பச்சையாகாமல் என்ன செய்யும்? இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டியதும் ஸ்டோர்ஸ்காரர் உர இண்டென்ட்டை (வாங்கும் பட்டியலை) வெட்டினார், மாலியும் சந்தோஷப்பட்டார், மூட்டை தூக்குவது குறைந்ததே என்று.

இந்த ரெக்கார்டிங்குக்கு எத்தனை பாயிண்ட் தெரியுமா? சைபர். ரெக்கார்டிங்கோடு வரும் வினாத்தாளுக்குக் காலக்கெடு உண்டாம், அது முடிந்துவிட்டதாம். சந்தா பணத்துக்கு எனக்குக் கிடைத்த உருப்படியான ஒரே பாடத்துக்கு ஒன்றும் இல்லை, உறைந்த குழாய்க்கு முழுப் புள்ளி. இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

இன்னொரு நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. மைதானத்தை எப்போது மூடலாம், யார் மூடலாம் என்பதற்கு அவர்களிடம் ஒரு மாதிரிக் கொள்கை ஆவணம் இருக்கிறது. மழைக்குப் பின் கால் பதித்தால் தண்ணீர் கசிகிறதா, கசிந்தால் ஆட்டம் கிடையாது, முடிவு மைதானப் பொறுப்பாளருடையது, இப்படி ஒரே பக்கம். அதை நம் ஊருக்கு ஏற்ப மாற்றி, ஷாமியானா ஆணி அடிக்கக் கூடாத இடங்களையும் சேர்த்து (கல்லூரி விழாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ஆணி என் குழாயில்தான் இறங்கும்) டிரஸ்டியிடம் கொண்டுபோனேன். நான் வாயால் சொல்லும்போது கேட்காதவர், சர்வதேசச் சங்கத்தின் நடைமுறை என்றதும் கையெழுத்துப் போட்டார். பெலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரா இருக்கிற ஊர் இது, பையன்களை ஆடாதே என்று போர்டு மாட்டித் தடுக்க முடியாது. ஆனால் பிசிக்கல் டைரக்டரிடம் அந்தப் பேப்பரைக் காட்டி ஒரு நாள் தள்ளிப்போட வைக்க முடிகிறது.

பணம். சந்தா டாலரில். அதன் மேல் கார்டுக்காரரின் மார்க்-அப், அதன் மேல் ஜிஎஸ்டி. ஆட்டோ ரின்யூவல் போட்டு வைத்தாலும் நம் கார்டில் ஓடுவதில்லை. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி கொண்டுவந்த இ-மேண்டேட் (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே தரும் ஒப்புதல்) விதிக்கு இவர்களுடைய பேமென்ட் கேட்வே ஒத்துப்போகவில்லை. பணம் போகாது, "உங்கள் உறுப்பினர் தகுதி காலாவதியாகிறது" என்று சிவப்பு எழுத்தில் மெயில் வரும், நாமே உட்கார்ந்து ஓடிபி போட்டுக் கட்ட வேண்டும்.

வேறு வழி இல்லையா என்றால், கிரிக்கெட் பிட்ச் மட்டும்தான் வேலை என்பவர்களுக்கு பிசிசிஐ க்யூரேட்டர் பயிற்சி இருக்கிறது. மாநிலச் சங்கம் வழியாகப் போக வேண்டும், பள்ளி கல்லூரி ஆட்களுக்கு எளிதல்ல. பிரிட்டனில் கிரவுண்ட்ஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் உண்டு, 2020 வரை இன்ஸ்டிட்யூட் ஆஃப் கிரவுண்ட்ஸ்மன்ஷிப் என்று பெயர். கிரிக்கெட் அவர்களுக்கு வீட்டு விளையாட்டு என்பதால் ஸ்கொயர் பராமரிப்பு நமக்குப் பொருந்தும், நேரமும் இங்கே மாலைப் பொழுதாக இருக்கும். ஆனால் அங்கும் புல் குளிர்தேசத்துப் புல்தான்.

என் முடிவு இது. சான்றிதழை விட்டுவிட்டேன். பாயிண்ட் குறைகிறது, குறையட்டும், இனி ராத்திரி 11.30-க்கு அந்தப் பட்டனுக்காகக் கண் விழிக்கிற உத்தேசம் இல்லை. சந்தாவை மட்டும் இன்னொரு வருஷத்துக்குக் கட்டியாயிற்று. ஏன் என்று மனைவி கேட்டாள், தண்ணீர்ப் பாடம் என்றேன், அதைத்தான் எழுதி வைத்துக்கொண்டீர்களே என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தம்பிக்கு: இவ்வளவு புகழ்ந்தும் சொல்கிறேன், இப்போதைக்குச் சேர வேண்டாம். உங்களுடையது சின்ன மைதானம், நிர்வாகம் சந்தாவைத் திருப்பித் தரப்போவதில்லை. அந்தப் பணத்தில் ஒரு மண் சோதனையும் ஒரு தண்ணீர் சோதனையும் செய்து, மீதியில் ஜிப்சம் வாங்குங்கள். அந்த மூடல் பேப்பரை நான் மாற்றி எழுதிய தமிழ், கன்னட நகல் இருக்கிறது, தருகிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மைதானத்துக்கு வாருங்கள். வரும்போது உங்கள் எஸ்டிபி தண்ணீரை ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடித்து வாருங்கள், எங்களுடையதோடு சேர்த்து லேபுக்கு அனுப்பிவிடலாம்.