லோ-பாஸ் ஃபில்டர் இல்லாத கேமராவும் மாப்பிள்ளையின் கோட்டும்

என்னிடம் இருக்கும், லோ-பாஸ் ஃபில்டர் இல்லாத அதே கேமராவின் விலை இறங்கிவிட்டது, பழையது ஒன்று நல்ல நிலையில் வருகிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு), ஆட்டோஃபோகஸ் கதையெல்லாம் அவருக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது கோட்டு விஷயம் மட்டும்தான்.

ரிசப்ஷனில் நெருக்கமான நெசவுள்ள கோட்டோடு மாப்பிள்ளை வந்து நின்றால், படத்தில் அவர் முழங்கைப் பக்கம் பச்சையும் மெஜந்தாவுமாகக் கோடுகள் நெளியும். சென்சார் பிடிக்கக்கூடியதைவிட இழை பொடியாகிவிட்டால் துணியில் இல்லாத டிசைன் படத்தில் வந்துவிடும், இதற்குத்தான் மொய்ரே என்று பெயர், அதிலும் சிவப்பும் நீலமும் நான்கு பிக்சலுக்கு ஒன்றில்தான் பதிவாகின்றன என்பதால் நிறம்தான் முதலில் கெடும். படத்தை லேசாக மங்கலாக்கி இதைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரைத்தான் ஷார்ப்னஸுக்காக இந்த மாடலில் எடுத்துவிட்டார்கள். ஆடியோவிலும் இதே சிக்கல் உண்டு, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும்போது அதில் பாதியான 22.05க்கு மேலே இருப்பதை வெட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், அங்கே யாரும் ஃபில்டர் இல்லை என்று விளம்பரம் போடுவதில்லை. கேமராவில் அதற்குக் கூடுதல் காசு வேறு! 2012இல் நிக்கான் டி800 விலை 3,000 டாலர், அந்த ஃபில்டரின் விளைவை ரத்து செய்த டி800இ 3,300 டாலர்.

சரி, சமாளிக்கலாம். இரண்டடி முன்னே பின்னே நகர்ந்தாலே பாதி நேரம் கோடு போய்விடும். லென்ஸ் துவாரத்தை எஃப்/16க்குச் சுருக்கி வைத்தால், ஒளி வளைந்து படம் லேசாக மங்கும் டிஃப்ராக்ஷனே ஃபில்டர் வேலையைப் பார்த்துவிடும், ஆனால் மண்டப வெளிச்சத்தில் அது நடக்கிற காரியமா, ஃபிளாஷ் திணறும். லைட்ரூம் சாஃப்ட்வேரின் மொய்ரே பிரஷ் நிறத்தை எடுக்கும், வெளுப்பும் கருப்புமான பட்டை அப்படியே இருக்கும். அப்புறம், படத்தை 100 சதவீத அளவில் பார்க்காமல் பதறாதீர்கள், சில கோடுகள் திரையில் சுருக்கிக் காட்டுவதால் மட்டுமே வருபவை. சிறிதாக்கி அனுப்பும்போதும் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சுருக்கும் பைகியூபிக் அல்லது லாங்சோஸ் முறையில் சுருக்குங்கள், பிக்சலை அப்படியே உதிர்க்கும் ஆப் என்றால் நல்ல படத்திலும் கோடு வந்துவிடும்.

2013இல் வந்த பென்டாக்ஸ் கே-3, ஷட்டர் திறந்து படம் பதிவாகும் நேரத்தில் சென்சாரை ஒரு பிக்சலுக்கும் குறைவாக ஆட்டியே இதைச் சரிசெய்தது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். அந்தப் புத்தி எல்லோருக்கும் வந்திருக்கக் கூடாதா.

கோயில் கல், மணப்பெண்ணின் கண்ணிமை என்றால் நண்பர் கேட்ட கேமராவைக் குறை சொல்ல வாய் வராது, கல்லில் ஒழுங்கான பின்னல் இல்லையே. ஆனாலும் கல்யாண வேலைக்கென்றால் வாங்காதீர்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதை விற்கிறீர்களா என்றார். மாட்டேன்.