ஸோஹோ புக்ஸ் பில்லை அக்சஸில் ரிப்போர்ட் எடுக்க: சிஎஸ்வியா, ஓடிபிசியா, ஏபிஐயா?

குலசேகரத்து ரப்பர் ஷீட் கடை, மார்த்தாண்டத்துத் தேன் பாக்கிங் யூனிட், கருங்கல் பக்கத்து முந்திரி ஆலை என்று எங்கே பார்த்தாலும் பில் இப்போது ஸோஹோ புக்ஸ் போன்ற கிளவுட் (நெட் வழியாக ஓடும்) பில்லிங் சாஃப்ட்வேரில்தான் போடுகிறார்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்கு அது தாராளம். ஆனால் "போன ஜூன் மழையில் எந்த ஏஜென்டிடம் நாலாம் கிரேடு ஷீட் என்ன விலைக்கு எடுத்தோம், அதை யாருக்குக் கொடுத்தோம்" என்று முதலாளி கேட்டால் ரெடிமேட் ரிப்போர்ட்டில் பதில் கிடைக்காது. விலைப் புத்தகமும் கமிஷன் கணக்கும் பல வருஷமாக ஒரு மைக்ரோசாஃப்ட் அக்சஸ் (நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும் டேட்டாபேஸ்) ஃபைலில் கிடக்கும். கிளவுடில் இருக்கும் பில்லை அதோடு சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு தெளியும். இதே மாதிரி கிளவுட் கணக்கு சாஃப்ட்வேரான குவிக்புக்ஸ் 2023-ல் இந்தியச் சேவையை நிறுத்தியது ஞாபகம் இருக்கும். தரவின் நகல் ஒன்று நம் கம்ப்யூட்டரிலேயே இருப்பது எப்படியும் நல்லது.

கொண்டுவர மூன்று வழி உண்டு: சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) இறக்குவது, ஓடிபிசி டிரைவர் (வெளித் தரவை அக்சஸுக்கு டேபிளாகக் காட்டும் இணைப்பு மென்பொருள்) போட்டு இணைப்பது, ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வாசல்) வழியாக ஸ்கிரிப்ட் எழுதி இழுப்பது. டிரைவர் விற்பவர்கள் 'லைவ் லிங்க்' (கிளவுடில் இருக்கும் தரவை நகல் எடுக்காமல் நேராகப் பார்ப்பது) என்பதைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். எங்கள் கணிப்பில் அந்த லைவ் லிங்க்கின் மேல் நேரடியாக ரிப்போர்ட் கட்டுவதுதான் மூன்றிலும் மோசம். அதே டிரைவரை வேறு மாதிரிப் பயன்படுத்தினால் அதுவே சிறந்தது.

முதலில் சிஎஸ்வி. செலவு இல்லை. மாதம் ஒருமுறை ரிப்போர்ட் போதும் என்பவர் இதைத் தாண்ட வேண்டியதே இல்லை. விதி ஒன்றுதான்: இறக்கிய ஃபைலை எக்செலில் திறந்து சேவ் செய்யக் கூடாது. செய்தால் தேனின் ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்குக் குறியீடு) 0409 என்பது 409 ஆகும், கிராம்பின் 0907 என்பது 907 ஆகும். ரப்பருக்கு 4001 என்பதால் ரப்பர்காரர்களுக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது. ஆனால் அவர்களையும் விடாத ஒன்று உண்டு. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் காக்கும். அதைவிட நீளமான இன்வாய்ஸ் ஐடியின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். பிறகு எந்த பில் எந்த சரக்கு வரிக்கு (ரோவுக்கு)ச் சேரும் என்று அக்சஸால் கண்டுபிடிக்க முடியாது.

அக்சஸில் எக்ஸ்டர்னல் டேட்டா, நியூ டேட்டா சோர்ஸ், ஃப்ரம் ஃபைல், டெக்ஸ்ட் ஃபைல் என்று போய், விசார்டில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்துங்கள். கோட் பேஜை (எழுத்துக் குறியீட்டு முறை) யுடிஎஃப்-8 என்று மாற்றாவிட்டால் தமிழில் இருக்கும் வாடிக்கையாளர் பெயர் எல்லாம் குப்பையாக வரும். தேதி வரிசை ஃபைலில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். ஐடி, ஹெச்எஸ்என், ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), மொபைல் எண் நான்கும் 'ஷார்ட் டெக்ஸ்ட்'. மொபைல் எண்ணை லாங் இன்டிஜர் (முழு எண் வகை) என்று விட்டால் 2,147,483,647-க்கு மேல் ஏறாது. 9-ல் தொடங்கும் எண் எல்லாம் காலியாகி, பிழைப் பட்டியல் ஒன்று தனி டேபிளாக வந்து நிற்கும். எடை, தொகை இரண்டுக்கும் 'கரன்சி' வகை. நாலு தசம இடம் துல்லியமாக நிற்கும், கிலோவுக்குக் கீழே கிராம் வரை கணக்கு பிசகாது. இதையெல்லாம் 'சேவ் ஆஸ்' கொடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் திரும்பச் சொல்ல வேண்டாம்.

இன்வாய்ஸ் சிஎஸ்வியில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு பில்லில் மூன்று சரக்கு இருந்தால் மூன்று வரி வரும். பில்லின் மொத்தத் தொகை மூன்று வரியிலும் திரும்பத் திரும்ப இருக்கும். அந்த நெடுவரிசையைக் கூட்டினால் விற்பனை மூன்று மடங்காகத் தெரியும். பில் தலைப்பு (ஐடி, தேதி, மொத்தம் போன்றவை) ஒரு டேபிள், சரக்கு வரிகள் ஒரு டேபிள் என்று பிரித்துவிட வேண்டும்.

ஓடிபிசிக்கு வருவோம். சிடேட்டா, டெவார்ட் போன்ற நிறுவனங்கள் விலைக்கு டிரைவர் தருகின்றன. டிரைவர் போட்ட உடனே வரும் சண்டை 32 பிட், 64 பிட். விண்டோஸ் எத்தனை பிட் என்பது இங்கே முக்கியமில்லை, அக்சஸ் எத்தனை பிட் என்பதுதான் முக்கியம். ஃபைல், அக்கவுண்ட், அபவுட் அக்சஸ் என்று போனால் தெரியும். டிரைவரும் அதே பிட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்று திட்டும். டிஎஸ்என் (இணைப்பு விவரங்களைச் சேர்த்து வைக்கும் பெயர்) அமைக்கும் பெட்டியும் இரண்டு உண்டு. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட்டுக்கு, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட்டுக்கு. பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். 'சிஸ்டம் டிஎஸ்என்' ஆகவே உருவாக்குங்கள். 'யூசர் டிஎஸ்என்' ஆக இருந்தால், இரவில் வேறு விண்டோஸ் கணக்கில் ஓடும் டாஸ்க் ஷெட்யூலருக்கு (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் விண்டோஸ் வசதி) அது தெரியாது. பகுதி கேட்கும் இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது.

லிங்க் செய்யும்போது தனித்துவ அடையாளம் எது என்று அக்சஸ் கேட்கும். இன்வாய்ஸ் ஐடியைக் காட்டுங்கள். அவசரத்தில் கஸ்டமர் ஐடியைக் காட்டினால் ஒரே பில் பல வரிகளில் திரும்பத் தெரியும், அல்லது வரிசையாக '#டெலீட்டட்' என்று வரும். தரவு அழியவில்லை, சாவிதான் தப்பு.

இனி லைவ் லிங்க் ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கு. ஸோஹோ புக்ஸின் ஏபிஐ பட்டியலை ஒரு தடவைக்கு 200 வரியாகத் தருகிறது. ஒரு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 100 அழைப்புதான். 9,000 பில்லின் தலைப்புக்கு 45 அழைப்பு, நொடியில் முடியும். ஆனால் அந்தப் பட்டியலில் சரக்கு வரி வராது. அதற்கு ஒவ்வொரு பில்லையும் தனியாகக் கேட்க வேண்டும்: 9,000 அழைப்பு, குறைந்தது 90 நிமிடம். தினசரி உச்சவரம்பு வேறு இருக்கிறது. அக்சஸோ 60 நொடியில் 'டைம்அவுட்' சொல்லிவிடும். நிபந்தனையில் 'ஃபார்மட்', 'என்இசட்' போன்ற அக்சஸ் ஃபங்ஷன் ஒன்றைப் போட்டாலோ, உள்ளூர் விலை டேபிளோடு ஜாயின் செய்தாலோ (இணைத்துப் பார்த்தாலோ), வடிகட்டுவதை டிரைவரிடம் விடாமல் முழுப் பட்டியலையும் இழுத்துவந்து இங்கே வடிகட்டும். ஐப்பசி மழையில் கரண்டோ நெட்டோ நடுவில் போனால் கதை முடிந்தது.

ஆகவே சிஎஸ்வியையும் ஓடிபிசியையும் சேர்த்த வழி இது. பழைய வருஷங்களின் பில்லை முதலில் சிஎஸ்வியாக இறக்கி உள்ளூர் டேபிளில் ஏற்றுங்கள். சரக்கு வரி முழுதும் ஒரே ஃபைலில் வருவது இங்கே கைகொடுக்கும். அதன்பின் தினமும் இரவு, கடைசியாக மாற்றிய நேரம் நேற்றைக்குப் பிந்தியதாக உள்ள பில்களை மட்டும் ஓடிபிசி வழியாக ஒரு தற்காலிக டேபிளுக்கு இழுங்கள். இதற்கு 'பாஸ்-த்ரூ' வினவல் நல்லது, டிரைவருக்கு நேரே போகும். முழுதாக வந்து சேர்ந்த பிறகே, மாறிய பில்களை நிரந்தர டேபிளில் அழித்து, புதியதைச் சேருங்கள். இரண்டையும், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்தால் நடுவில் கரண்ட் போனாலும் பழைய கணக்கு அப்படியே இருக்கும். டேபிளைப் புதிதாக உருவாக்கும் 'மேக் டேபிள்' வினவலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போய்விடும். அழித்து ஏற்றுவதால் ஃபைல் வீங்கும், அக்சஸின் வரம்பு 2 ஜிபி. வாரம் ஒருமுறை 'காம்பேக்ட்' செய்து ஃபைலைச் சுருக்குங்கள்.

கிளவுடில் யாரோ அடியோடு நீக்கிய பில் இந்த முறையில் பிடிபடாது. நீக்கியதற்கு 'மாற்றிய நேரம்' என்று ஒன்று இல்லையே. அந்த பில் உங்கள் ரிப்போர்ட்டில் மட்டும் விற்பனையாக நின்றுகொண்டிருக்கும். நீக்காமல் 'வாய்டு' (பதிவை வைத்துக்கொண்டே ரத்து) செய்யச் சொல்லிப் பழக்குங்கள். மேலும் ஐடி பட்டியலை மட்டும் முழுதாக இழுத்து ஒப்பிடுங்கள். 9,000 பில்லுக்கு அதே 45 அழைப்புதான். மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போகும் முன் இதைச் செய்தால் போதும்.

ஸ்கிரிப்ட் வழிக்கு டிரைவர் காசு மிச்சம். ஆனால் ஸோஹோ தரும் 'அக்சஸ் டோக்கன்' (தற்காலிக அனுமதிச் சாவி; அக்சஸ் மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும், ரீஃப்ரெஷ் டோக்கனை வைத்துப் புதுப்பிக்கும் வேலையையும் எழுத வேண்டும். பைத்தான் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

நாகர்கோவிலில் ஒரு கடை, தக்கலையில் ஒரு கடை என்று இருந்தால் அக்சஸ் டேட்டா ஃபைலை நெட் வழியாக இரண்டு இடத்திலும் திறக்கக் கூடாது. இணைப்பு ஒருமுறை அறுந்தாலே ஃபைல் கெடலாம். ஒரு கடையில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வர்) போட்டு டேபிள்களை அங்கே வையுங்கள். இலவசம், 2022 பதிப்பு வரை டேட்டாபேஸுக்கு 10 ஜிபி இடம். அதில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் 'எஸ்க்யூஎல் ஏஜென்ட்' சேவை கிடையாது, இரவு வேலையை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்தான் ஓட்ட வேண்டும். அக்சஸ் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அக்சஸின் இலவச 'ரன்டைம்' (திறந்து பயன்படுத்த மட்டுமான பதிப்பு) போதும், அதன் பிட்டும் டிரைவரின் பிட்டும் ஒன்றாக இருக்கட்டும்.