ஸ்பவுஸ் விசா ‘ஃபுல் பேக்கேஜ்’: காரைக்குடியில் வாங்கலாமா, வேண்டாமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விசா வேலை பார்த்துத் தரும் ஆபீஸ்களில் யூகே ஸ்பவுஸ் விசாவுக்கு (அங்கே இருப்பவர் தன் கணவனை அல்லது மனைவியை அழைத்துக்கொள்ளும் விசா) ‘ஃபுல் பேக்கேஜ்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஃபாரம் நிரப்புவது, கவர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட், டாக்குமென்ட் அப்லோடு, ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி என எல்லாம் சேர்த்து ஒரே தொகை. எந்த ஆபீஸின் பெயரும் இங்கே வராது. பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு வேலையும் கொடுக்கும் காசுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி. அங்கே ஒருவர் சம்பளம், இங்கே ஒரு குடும்பம், கையில் உபரி கிடையாது என்ற நிலையை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழு பேக்கேஜ் வேண்டாம். அதிலுள்ள ஒன்றிரண்டு வேலையை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்பான்சர், அதாவது அங்கிருந்து அழைக்கும் துணை, பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவராகவோ இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு. வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குப் போடுவது டிபெண்டன்ட் விசா. அதன் விதியும் கட்டணமும் வேறு. 2024 மார்ச் 11 முதல் கேர் வொர்க்கர் விசாவுக்கு விண்ணப்பித்துப் போனவர்கள் பொதுவாகக் குடும்பத்தை அழைக்க வழியில்லை. இந்த வித்தியாசத்தைக் கேட்காமலே அட்வான்ஸ் வாங்க நீளும் கை இருந்தால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பேக்கேஜ் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. விசா நிற்பதும் விழுவதும் அங்கேதான். 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சரின் ஆண்டு வருமானம், பிடித்தத்துக்கு முன், 29,000 பவுண்டு இருக்க வேண்டும். இங்கிருந்து முதல் தடவை விண்ணப்பிக்கும்போது காரைக்குடியில் மனைவி வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. அங்கே போய் வேலை பார்ப்பார் என்ற உறுதிக் கடிதமும் வராது. ஆக, ஒரே சம்பளம்தான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். குழந்தை இருந்தால் கூடுதலாக 3,800 பவுண்டு வருமானம் காட்டச் சொல்லும் ஆபீஸ், பழைய விதியைப் பார்த்துப் பேசுகிறது என்று அர்த்தம். புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது இப்போது கிடையாது. அங்கே மாற்றுத்திறனாளிக்கான சில அரசு உதவிகள் பெறும் ஸ்பான்சருக்கு இந்த 29,000 எல்லையே பொருந்தாது. அவர்களுக்குத் தனி அளவுகோல் உண்டு.

ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாவது வேலை பார்ப்பவர் ஆறு மாத பேஸ்லிப், அந்தச் சம்பளம் விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம் மூன்றும் கொடுக்க வேண்டும். கடிதத்தில் எவ்வளவு காலமாக வேலை, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்ற நான்கும் இருக்க வேண்டும். நிலையான மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் இருந்த மிகக் குறைந்த சம்பள அளவைத்தான் ஆண்டுக் கணக்காகப் பெருக்குவார்கள். 27,500 வாங்கியவருக்கு ஜூனில் 29,000 ஆகிறது என்று வைப்போம். ஜூலையில் போட்டால் விழுந்துவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு பேஸ்லிப் சேர்ந்த பிறகு, டிசம்பரில் போட வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளி ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கமிருந்தால், பேஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகையும் பேங்கில் விழுந்த தொகையும் ஒத்துப்போகாது. விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே பேசி, முழுச் சம்பளத்தையும் பேங்கில் போடச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தேதி. ஆன்லைனில் கட்டணம் கட்டும் நாள்தான் விண்ணப்ப நாள். அன்றிலிருந்து பின்னோக்கி 28 நாளுக்குள் கடைசி பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்ட்டும் இருக்க வேண்டும். ‘முதலில் கட்டணத்தைக் கட்டிப் போட்டுவிடுவோம், பேப்பரைப் பிறகு பார்ப்போம்’ என்று சில ஆபீஸ்கள் அவசரப்படுத்துவது இங்கேதான் இடிக்கும். ஒரு மாதப் பேஸ்லிப் குறைந்த நிலையில் கட்டிவிட்டால், அந்தக் குறையை மாற்ற பின்னால் வழியில்லை.

சம்பளம் குறைவாக இருந்தால் சேமிப்பைக் காட்டி ஈடுகட்டலாம். குறையும் தொகையை 2.5 ஆல் பெருக்கி 16,000 சேர்க்க வேண்டும். 27,500 பவுண்டு சம்பளத்துக்கு 1,500 குறைகிறது. அதற்கு 3,750, அத்துடன் 16,000, மொத்தம் 19,750 பவுண்டு. சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500. சிறு குறைக்கும் அந்த 16,000 கூடவே வந்து நிற்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு சம்பள உயர்வுக்குக் காத்திருப்பதே மலிவு. சொந்தத் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தச் சேமிப்பு இந்தியாவில் உள்ள பேங்கிலும் இருக்கலாம், கணவன் பெயரிலோ மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ. ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும், நினைத்தவுடன் எடுக்கவும் முடிய வேண்டும். இடையில் உடைத்தால் அபராதம் பிடிக்கும் சாதாரண எஃப்.டி. செல்லும். ஐந்து வருடம் பூட்டிய வரிச் சேமிப்பு எஃப்.டி. செல்லாது. சீட்டில் கட்டிய பணம் எடுத்து அக்கவுன்ட்டில் போடும்வரை கணக்கில்லை. நகைக்கும் மதிப்பில்லை. பெற்றோர் கொடுத்த பணமும் செல்லும், திருப்பித் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால். நிலம் விற்ற பணம் என்றால் விற்பதற்கு முன் அந்த நிலம் உங்கள் பெயரில் இருந்த காலமும் ஆறு மாதக் கணக்கில் சேரும், பத்திரம் வேண்டும். கடன் வாங்கிப் போட்ட பணம் சேமிப்பாகாது. ‘ஷோ மணி நாங்களே ஏற்பாடு பண்ணித் தருகிறோம்’ என்பது பேக்கேஜிலேயே ஆபத்தான வரி. போலி என்று தெரிந்தால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு பத்து வருடத் தடைவரை போகலாம்.

இனி ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு. ஆண்டுக்கு 29,000 வாங்குபவருக்கு 2025-26 விகிதத்தில் வருமான வரி 3,286, நேஷனல் இன்சூரன்ஸ் சுமார் 1,314. கைக்கு வருவது மாதம் ஏறக்குறைய 2,033 பவுண்டு. ஓய்வூதியப் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். இதில்தான் அங்கே வாடகை, சாப்பாடு, பயணம், ஊருக்கு அனுப்புவது எல்லாம்.

எதிரே, விசா கட்டணம் 1,938 பவுண்டு. இது 2025 ஏப்ரல் 9 அன்று வந்த கட்டணம், பிறகு மாறியிருக்கலாம். ஏப்ரலில் ஏற்றுவது வழக்கம் என்பதால் கட்டும் நாளில் பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அத்துடன் மருத்துவக் கட்டணம் எனும் ஐ.எச்.எஸ். ஆண்டுக்கு 1,035. விசா 33 மாதத்துக்கு என்பதால் மூன்று ஆண்டுக்கு வசூலிப்பார்கள்: 3,105. இரண்டும் சேர்த்து 5,043. மாதம் 420 பவுண்டு ஒதுக்கினால் ஒரு வருடத்தில் சேரும். இதைச் சம்பள நாளன்றே தனி அக்கவுன்ட்டுக்கு மாற்றும்படி ஸ்டாண்டிங் ஆர்டர் போடாவிட்டால் சேராது. டி.பி. பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு, மொழிபெயர்ப்பு, விமான டிக்கெட் ஆகியவற்றை இந்த 420இலிருந்து எடுக்காமல் ஊர்ப் பக்கத்துப் பணத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. விசா மறுக்கப்பட்டால் ஐ.எச்.எஸ். திரும்ப வரும், விசா கட்டணம் வராது.

கட்டும்போது இரண்டு தடங்கல். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும்போது தொகையைப் பிரிட்டிஷ் உள்துறை தன் சொந்த மாற்று விகிதத்தில் பிடிக்கும். அது பேங்க் ரேட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஐந்து சதவீதம் கூட வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஐ.எச்.எஸ். முதலில், விசா கட்டணம் பிறகு என இரண்டு தனித்தனிக் கட்டணங்கள். பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலே ஐ.எச்.எஸ். மூன்றரை லட்சத்தைத் தாண்டும். நம் ஊர் டெபிட் கார்டின் தினசரி வரம்பு அதற்குப் போதாது. முந்தைய நாளே வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வரம்பை ஏற்றி வைக்க வேண்டும், அல்லது ஸ்பான்சரின் கார்டில் கட்ட வேண்டும். ‘எங்கள் கார்டில் கட்டிவிடுகிறோம்’ என்று ஆபீஸ் சொன்னால், அரசாங்க ரசீதைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள தொகைக்கு மேல் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி ஒன்று. நம் பக்கத்தில் அப்பா அக்கவுன்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து எல்லாருக்கும் பிரிப்பது வழக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து மனைவிக்கு ஒரு பங்கை அவர் பெயரிலேயே மாதாமாதம் அனுப்புங்கள். செலவு அதேதான். ஆனால் பிரிந்திருக்கும் தம்பதி உண்மையாகவே ஒரு குடும்பமாக இருக்கிறார்கள் என்பதற்கு அந்த வரிசையான ஸ்டேட்மென்ட் நல்ல சாட்சி. எந்த பேக்கேஜிலும் இது இல்லை.

இப்போது பேக்கேஜின் உள்ளே. ஃபாரம் நிரப்புவது கஷ்டமில்லை. இருவரின் பாஸ்போர்ட், பழைய பயணத் தேதிகள், முன்பு ஏதாவது விசா மறுக்கப்பட்டதா என்ற விவரம் கையில் இருந்தால் இரண்டு மாலை வேலை. ஆபீஸில் நிரப்பினால் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். அவர்களே ஒரு முகவரி உருவாக்கிக்கொண்டால், கூடுதல் பேப்பர் கேட்டு வரும் கடிதம் அவர்களிடமே கிடக்கும், பாஸ்வேர்டும் அவர்களிடமே. கவர் லெட்டர் பெரும்பாலும் அச்சு வார்த்தது. வாங்கினால் ஊர், தேதி, பெயர் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள், முன்னால் வந்தவரின் கல்யாணத் தேதி அப்படியே இருக்கக்கூடும். விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் வி.எஃப்.எஸ். மையத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுப்பதும், டாக்குமென்ட்டை நீங்களே அப்லோடு செய்வதும் ஆன்லைனில் முடியும் வேலைகள். அங்கே ஸ்கேன் செய்து கொடுப்பது, லவுஞ்ச், எஸ்.எம்.எஸ்., கூரியர் எல்லாம் விருப்பச் செலவு. முடிவு எடுப்பது பிரிட்டிஷ் விசா அதிகாரிகள். மையத்துக்கு அதில் பங்கில்லை. ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்ற பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

ஆங்கிலப் பயிற்சிதான் அதிகம் வீணாகும் காசு. கேட்பது ஏ1 எனும் தொடக்க நிலை அளவு, அதுவும் பேசுவதும் கேட்பதும் மட்டும். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 போதும். மேற்படிப்புக்கான ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்பில் சேர்த்துவிடுவது வேறு சரக்கை விற்பது, சாதாரண ஐ.இ.எல்.டி.எஸ். சான்று இங்கே செல்லவும் செல்லாது. தைரியம் இருந்தால் அடுத்த படியான ஏ2 எழுதலாம், பின்னால் நீட்டிப்புக்குத் திரும்ப எழுத வேண்டாம். அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்கள், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் நிறுவனத்தின் சான்று வாங்கினால் தேர்வே தேவையில்லை.

காசு கொடுக்கத் தகுந்தது மொழிபெயர்ப்பு. தமிழில் உள்ள ஒவ்வொரு பேப்பருக்கும் முழு மொழிபெயர்ப்பு, சரியானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் வேண்டும். இசைகுடிமானமும் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஏடு) கோயில் ரசீதும் பத்திரிகையும் துணைச் சான்றுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்று இல்லாமல் கிளம்பக் கூடாது. அதில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு இனிஷியல் உட்பட ஒத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கும் அளவு உண்டு. அங்கே பலர் சேர்ந்து தங்கும் வீட்டில் ஒரு அறை இருந்தாலும் போதும். அது தம்பதிக்கு மட்டும் உரியதாக, 110 சதுர அடிக்குக் குறையாததாக இருக்க வேண்டும். (முகப்பும் வளவுமாகச் செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது அலமாரி மாதிரிதான் தெரியும்.) வாடகை ஒப்பந்தமும், துணை வந்து தங்கச் சம்மதம் என்ற வீட்டுக்காரரின் கடிதமும் சேருங்கள்.

டி.பி. பரிசோதனைக்கு அங்கீகரித்த மையத்துக்கு நம் பக்கத்திலிருந்து பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகிறார்கள். காலைப் பல்லவனில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேர மதியமாகிவிடும். காலை நேரம்தான் கிடைத்தது என்றால் முந்தைய இரவு ரயில். சான்று ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து சளிப் பரிசோதனை எழுதினால் முடிவுக்கு இரண்டு மாதம் ஆகலாம். அதனால் கட்டணம் கட்டும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பு எடுப்பது சரியான கணக்கு.

பழைய மறுப்பு, சொந்தத் தொழில், சேமிப்பு வழி, முதல் திருமணக் குழந்தை என்று சிக்கல் இருந்தால் ஊர் ஆபீஸ் வேண்டாம். பிரிட்டனில் ஐ.ஏ.ஏ. (குடியேற்ற ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகரிடம், அல்லது சொலிசிட்டரிடம், பேப்பரைச் சரிபார்க்க மட்டும் ஒரு முறை காசு கொடுங்கள். 2025 ஜனவரிவரை ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்ததுதான் இப்போது ஐ.ஏ.ஏ.; பதிவு எண்ணை அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். இங்குள்ள ஆபீஸ்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பேக்கேஜ் பேசுபவர்கள் சொல்லாத ஒரு செலவும் உண்டு. 33 மாதம் முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும். 2025 ஏப்ரல் விகிதத்தில் 1,321 பவுண்டு கட்டணம், 2,587.50 ஐ.எச்.எஸ்., ஆக 3,908.50. போய் இறங்கிய மாதத்திலிருந்தே மாதம் 120 பவுண்டு அதே தனி அக்கவுன்ட்டில் போட்டுவந்தால் சமாளிக்கலாம். அப்போது அங்கே துணை வேலை பார்த்திருந்தால் இருவர் சம்பளமும் சேரும்.