நான்கு செமஸ்டர் உழைத்த புத்தகமும் ஒரு அரைப்பக்கமும்

பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கும் தங்கைக்கு இந்தப் பாடநூலை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் விலை இறங்கியிருக்கிறதாம். இலக்கியம் பாதி, வாதம் பாதி என்றிருக்கும் அந்த அமெரிக்கப் பாடநூலின் இந்திய மறுபதிப்புதான். பெயர் வேண்டாம், வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நான்கு செமஸ்டரில் ஒருமுறை பைண்டிங் மாற்றியாயிற்று. தாள், அச்சு பற்றிக் குறையில்லை.

கவிதைப் பகுதி தங்கம். தமிழில் அலகிட்டு, அதாவது செய்யுளை அசையும் சீருமாகப் பிரித்து, பழகியவர்கள் ஆங்கில வரியிலும் குறில் நெடில் தேடுவார்கள், சறுக்குவது அங்கேதான். நேரும் நிரையும் எழுத்தின் அளவைப் பொறுத்தவை. ஆங்கிலத்தில் அழுத்தம்தான் கணக்கு. ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் அழுத்தம், வினைச்சொல்லானால் இரண்டாவதில். முதலில் வரியைச் சாதாரணப் பேச்சுபோல வாசி, அழுத்தம் விழும் இடத்தில் பென்சிலால் கோடு போடு, பிறகு சீர் பிரி என்கிறது புத்தகம். ஐந்து சீர் வரவேண்டுமே என்று முதலிலேயே வெட்டினால் எல்லாம் கோணலாகிவிடும்.

வாதப் பகுதிக்கு வந்தால்தான் ரத்தம் கொதிக்கிறது. தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்துக்குச் சொன்ன ஆறு உறுப்புகளில் கூற்றுக்கும் சான்றுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, ‘வாரண்ட்’டுக்கு அரைப்பக்கம்! போலீஸ் வாரண்ட் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள் பிள்ளைகள். கட்டுரையில் மார்க் போவதும் அந்த இடத்தில்தான்.

பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஓர் அரசனின் சிலையைப் பற்றிய ஷெல்லியின் கவிதை ‘ஓஸிமாண்டியஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். ‘அதிகாரம் நிலையற்றது’ என்று எழுதினால் மறுக்க ஆளில்லை, அதனால் அது வாதமும் இல்லை. ‘இக்கவிதையில் அரசனைவிடச் சிற்பியே மிஞ்சுகிறான்’ என்றால் கூற்று. உடைந்த முகத்திலும் அந்த ஏளனச் சிரிப்பு நிற்கிறதே, அது சான்று. இரண்டுக்கும் நடுவே, ‘கவிதை எதை அழியாமல் விட்டுவைக்கிறதோ அதற்கே மதிப்புத் தருகிறது’ என்றொரு பாலம் வேண்டும். அதுதான் வாரண்ட். அதை எழுதிப் பார்த்தால்தான் சிலையும் உடைந்துதானே கிடக்கிறது என்ற மறுப்பு கண்ணில் படும், ‘மிஞ்சுகிறான்’ என்பதை ‘ஓரளவு மிஞ்சுகிறான்’ என்று குறைக்கவும் தோன்றும்.

இது நமக்குப் புதிதுமல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம் (கூற்று), ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது (காரணம்), அடுக்களை திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). புகையுள்ள இடத்தில் நெருப்பிருக்கும் என்ற பொதுவிதியை அடுக்களை காட்டிக்கொடுத்துவிடுகிறது. அரைப்பக்கக்காரருக்கு அந்த ஒரு அடுப்பு கூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, பழைய பிரதி வாங்குபவர்களுக்கு. இதில் இருப்பது, மேற்கோளும் நூற்பட்டியலும் எழுத மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் (எம்.எல்.ஏ.) வகுத்த விதிகளின் ஏழாம் பதிப்பு முறை. நூற்பட்டியலில் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ‘பிரிண்ட்’ என்று போடச் சொல்லும். 2016இல் வந்த எட்டாம் பதிப்பே அதைக் கைவிட்டுவிட்டது, அடித்துவிடுங்கள். கவிதை மேற்கோள் மூன்று வரிவரை பத்திக்குள்ளேயே சாய்கோடிட்டு எழுதலாம், அதற்கு மேல் போனால் உள்தள்ளித் தனியாக. இந்த விதி இன்னும் மாறவில்லை.

தங்கைக்கு? இப்போது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கவிதைப் பகுதியை மட்டும் யாரிடமாவது வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும். என் பிரதியைக் கேட்க வேண்டாம், தர மாட்டேன்.