எச்சரிக்கை: காலமானவர் பெயரிலுள்ள பழைய வண்டிக்குப் ‘பதினைந்து நாளில் பெயர் மாற்றம்’

குடும்பத்தில் ஒருவர் காலமான பிறகு, அவர் பெயரிலுள்ள பழைய வண்டியை வாரிசின் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி முன்பணத்தையும் அசல் ஆவணங்களையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் போலிப் பதிவுச் சான்று அட்டை ஒன்றைக் கையில் திணித்துவிட்ட ஒரு தரகரைப் பற்றி இந்தப் பதிவை எழுதுகிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் குறிப்பிடப் போவதில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இந்த முறையில் தொழில் நடத்துபவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

வண்டி, என் தந்தையார் 1978இல் புதிதாக வாங்கிய என்ஃபீல்டு புல்லட் 350. திருவொற்றியூர் ஆலையில் தயாரானது. கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். மாநிலக் குறியீடும் அலுவலக எண்ணும் கொண்ட இன்றைய பதிவெண் முறை 1989இல் வருவதற்கு முந்தைய வண்டி என்பதால், மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பழைய எண்தான் அதற்கு. ஆர்.சி. புத்தகம், அதாவது பதிவுச் சான்று, தாளில் எழுதப்பட்டது. கடைசியாகச் செய்த பதிவுப் புதுப்பித்தலின் காலமும் முடிந்திருந்தது. தந்தையார் உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா, அண்ணன், தங்கை, நான் ஆகிய நால்வரும் பேசி, வண்டி அண்ணன் பெயருக்குப் போகட்டும் என்று முடிவு செய்தோம். எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை. எளிதாக முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அருகில் ‘வாகன ஆலோசகர்’ என்று பலகை வைத்திருந்தவரிடம் அண்ணன் விசாரித்தார். பழக்கமான மெக்கானிக் ஒருவர் பரிந்துரைத்த ஆள்தான். மொத்தச் செலவு 35,000 ரூபாய், முன்பணம் 20,000 ரூபாய், பதினைந்து நாளில் வேலை முடியும் என்றார். அவர் அன்று உறுதியாகச் சொன்னவற்றில் பெரும்பாலானவை தவறு என்பதைப் பின்னர் சட்டத்தையும் விதிகளையும் எடுத்துவைத்துப் படித்தபோது தெரிந்துகொண்டோம். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே சொற்களை நீங்களும் கேட்கக்கூடும்.

முதலாவது, படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை நிரப்பினால் போதும் என்றார். இவை இரண்டும் உயிரோடு இருப்பவர் தம் வண்டியை இன்னொருவருக்கு விற்கும்போது பயன்படுபவை. படிவம் 29இல் விற்பவர் கையெழுத்திட வேண்டும். படிவம் 30இல் விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்ட நிலையில் விற்பவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 56ஆம் விதி இதற்கென்று தனி வழியை வகுத்திருக்கிறது. வண்டியை வைத்திருக்கும் வாரிசு, இறப்பு நிகழ்ந்த 30 நாட்களுக்குள் அந்தச் செய்தியையும், வண்டியைத் தாமே பயன்படுத்த எண்ணியிருப்பதையும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் மூன்று மாதம் வரை வண்டியைத் தம் பெயருக்கு மாறியதுபோலவே பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல், இறப்புச் சான்று, பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டால் உரிமை போய்விடாது. தாமதத்துக்கான தொகையைச் செலுத்தி விண்ணப்பிக்கலாம். ஆகவே, காலமானவரின் வண்டிக்கு 29, 30 என்று ஒருவர் பேசத் தொடங்கினாலே, இறந்தவரின் கையெழுத்தை யாரோ போடப்போகிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

இரண்டாவது, தங்கையின் கையெழுத்து வேண்டியதில்லை, திருமணமாகிப் போன பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்றார். இதைக் கேட்டு அம்மாவுக்கு வந்த கோபம் தனிக்கதை. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள் என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மகள் திருமணமானவரா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறதோ, அவர்களில் வண்டியைப் பெறுபவரைத் தவிர மற்ற அனைவரும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுப்பதுதான் நேரான வழி. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரையும் சேர்த்துத்தான். இந்த ஒரு பெயரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் பணம் பறிப்பதற்கான வாசல். ‘வின்டேஜ்’ வண்டியாகப் பதிந்தால் ஆயுளுக்கும் தொல்லை இல்லை, அரசுக் கட்டணமே 20,000 ரூபாய், அதற்குத்தான் முன்பணம் என்றார். கட்டணத் தொகை மட்டும் உண்மை. 2021 ஜூலையில் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கே அந்தப் பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு. எங்கள் புல்லட்டுக்கு 50 வயது நிறைவது 2028இல்தான். அதையும் ஒதுக்கிவைத்தாலும், அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். அண்ணனுக்குத் தேவை, தந்தையின் வண்டியில் வேலைக்குப் போய்வருவது.

ஆவணங்களைக் கொடுக்கும் கட்டத்தில் அவர் கேட்ட ஒரு பொருள் எங்களை முதன்முறையாக உறுத்தியது. தந்தையாரின் ஆதார் நகலோடு அவருடைய சிம் கார்டையும் கேட்டார், அதில் ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால் போதும், அலுவலகத்துக்கு யாரும் வர வேண்டியதில்லை என்றார். இணையவழி விண்ணப்பங்களில் உரிமையாளரின் ஒப்புதலை உறுதிப்படுத்துவதற்காக அனுப்பப்படும் எண் அது. இறந்தவர் ஒப்புதல் தருவது போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்குவதற்கே அவர் அதைக் கேட்டிருக்கிறார். சிம் கார்டை அம்மா கொடுக்க மறுத்துவிட்டார். ஆனால் அசல் ஆர்.சி. புத்தகமும், இறப்புச் சான்று நகலும், முன்பணமும், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குத் தயார் செய்வதற்கென்று வண்டியும் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தன.

சில வாரங்களில் அட்டை வந்தது. அண்ணன் பெயர், பழைய பதிவெண், எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் சரியாக அச்சிடப்பட்டிருந்தன. பார்வைக்கு அசலிலிருந்து வேறுபாடு தெரியாது. மீதிப் பணம் 15,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டார். காப்பீடு எடுக்கப் போனபோதுதான் அந்தப் பதிவெண்ணுக்கு எந்த விவரமும் வரவில்லை என்றார்கள். வாகன விவரங்களைக் காட்டும் அரசுச் செயலியான எம்-பரிவாகனிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன்பின் அட்டையை நிதானமாகப் பார்த்தபோது, அதில் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லுபடியாகும் என்று இருந்தது. சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கு 15 ஆண்டு என்பது முதல் பதிவுக்கு மட்டுமே உரியது. அதன்பின் ஒவ்வொரு புதுப்பித்தலும் 5 ஆண்டுக்குத்தான். புதிய வண்டியின் அட்டையைப் பார்த்து அச்சடித்தவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை போலும்.

அலுவலகத்தில் நேரில் விசாரித்தபோது, அந்த அட்டை அங்கிருந்து வழங்கப்படவில்லை என்றார்கள். எங்கள் வண்டியின் விவரம் இன்னும் கையெழுத்துப் பதிவேட்டில்தான் இருக்கிறது, கணினிக்கு ஏற்றப்படவே இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: வாகனப் பதிவுகளுக்கான அரசின் ‘வாகன்’ கணினித் தரவுத்தளத்தில் பதிவெண் இல்லாதவரை இணையவழியில் பெயர் மாற்றமோ புதுப்பித்தலோ செய்ய வழியில்லை, அலுவலகத்தில் அசல் புத்தகத்தைக் காட்டி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, விவரத்தை ஏற்றச் சொல்ல வேண்டும். அந்த வேலை நடக்காமலே ‘அட்டை வந்துவிட்டது’ என்று யாரேனும் சொன்னால் அந்த அட்டை எங்கே அச்சானது என்று கேளுங்கள். புதுப்பித்தலுக்கு வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் புல்லட் அவருடைய நண்பரின் பட்டறையை விட்டு நகரவே இல்லை.

வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது ஹெட்லைட்டுக்கு மேலிருந்த அம்மீட்டரும் டூல் பாக்ஸும் பழைய கார்புரேட்டரும் கழற்றப்பட்டிருந்தன. பழைய புல்லட் உதிரிபாகங்களுக்கு இன்று என்ன விலை என்பது அந்த வண்டியை விரும்புகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைவிடக் கவலை தந்தது, அவர் திருப்பிக் கொடுத்த காகிதக் கட்டில் தவறுதலாகக் கலந்திருந்த படிவம் 29இன் நகல். தந்தையார் இறந்து பல மாதம் கழிந்த ஒரு தேதியில் அவரே வண்டியை விற்றதாக அதில் நிரப்பப்பட்டிருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து. என் தந்தையார் வங்கிக் காசோலையிலிருந்து பள்ளி மதிப்பெண் அட்டை வரை தமிழில் மட்டுமே கையெழுத்திட்டவர். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

அந்தக் காலியிடம்தான் இந்த ஏமாற்றின் உண்மையான ஆபத்து என்று நினைக்கிறேன். பணம் போனது போனதுதான். ஆனால் அசல் புத்தகமும், உரிமையாளர் கையெழுத்திட்டது போன்ற படிவமும் ஒருவரிடம் இருந்தால், வண்டியை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட முடியும். அந்த ஆள் விபத்தை ஏற்படுத்தினால், பாதிக்கப்பட்டவர் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். வண்டி கைமாறிவிட்டாலும் பதிவேட்டில் பெயருள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவேட்டில் இருப்பவர் இறந்திருந்தால், வழக்கின் அறிவிப்பு யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கட்டணங்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவை தெரியாததுதான் தரகர்களின் மூலதனம். மத்திய விதிகளின்படி மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய். அட்டைக்கும் மாநில அரசின் சேவைக்கும் தனியாகச் செலுத்த வேண்டும். அவை சேர்ந்தாலும் பெரிய தொகை ஆகாது. செலவு பிடிப்பது பதிவுப் புதுப்பித்தல். 15 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாய், காருக்கு 5,000 ரூபாய் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் இது முறையே 2,000, 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. இவை தவிரப் பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும், புதுப்பிக்கத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் மோட்டார் சைக்கிள் என்றால் 300 ரூபாய் கூடுதல் கட்டணமும் உண்டு. இந்த மாதாந்தரத் தொகையைப் பெரிதாக்கிக் காட்டி, ‘நேர்வழியில் போனால் லட்சத்தைத் தொடும், நான் குறைத்துத் தருகிறேன்’ என்பது இவர்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு. எவ்வளவு ஆகும் என்பதை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு முடிவெடுப்பதே நல்லது.

எல்லாத் தரகர்களையும் நான் குறை சொல்லவில்லை. வரிசையில் நிற்க நேரமில்லாதவர்களுக்குப் படிவத்தை நிரப்பித் தந்து நியாயமான கூலி வாங்குகிறவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அசல் புத்தகத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வதில்லை, கட்டணத்தை விண்ணப்பதாரர் முன்னிலையிலேயே இணையத்தில் செலுத்திவிட்டு விண்ணப்ப எண்ணைக் கையில் தருகிறார்கள். எங்கள் தரகர் கடைசிவரை விண்ணப்ப எண் எதையும் தரவில்லை. கேட்டபோதெல்லாம் ‘உள்ளே இருக்கிறது’ என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தோடு, இந்தப் பதிவெண்ணுக்கு ஏதேனும் விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தோம். எதுவும் வரவில்லை என்று எழுத்துமூலம் பதில் கிடைத்தது. போலி அட்டையையும் படிவத்தின் நகலையும் போலவே காவல் நிலையப் புகாரில் எங்களுக்குக் கைகொடுக்கும் ஆவணம் அந்தப் பதில்.

தந்தையோ தாயோ நலமாக இருக்கும்போதே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பதிவுச் சான்றில் உரிமையாளர் தமக்குப் பிறகு யார் என்று நியமனதாரரின் பெயரைச் சேர்க்கும் வசதி 2021 முதல் விதிகளில் இருக்கிறது. பழைய வண்டிகளுக்கும் பின்னாளில் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் தந்தையாரின் புத்தகம் கணினிக்கே ஏறாதது என்பதால் அந்த வாய்ப்பு எங்களுக்கு அமையவில்லை.

தரகர் பணத்தில் ஒரு பகுதியை, புகார் பதிவான பிறகு, மெக்கானிக் மூலமாகத் திருப்பி அனுப்பினார். அசல் புத்தகம் தொலைந்துவிட்டது என்கிறார்; அதை நாங்கள் நம்பவில்லை. அந்த வண்டியின் பேரில் எங்கள் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று பதிவு அலுவலருக்கு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கியிருக்கிறோம். காவல் துறையின் சான்று கிடைத்ததும் படிவம் 26இல் நகல் பதிவுச் சான்றுக்கு விண்ணப்பிப்போம். நகல் கிடைத்து, விவரம் கணினிக்கு ஏறிய பிறகு படிவம் 31, அதன்பின் புதுப்பித்தல். அம்மாவும் தங்கையும் நானும் ஆட்சேபணையில்லாக் கடிதங்களில் கையெழுத்திட்டு வைத்துவிட்டோம். யாரேனும் உங்களிடம் 1978ஆம் ஆண்டு புல்லட் ஒன்றை அசல் புத்தகத்தோடும், விற்பவர் ஏற்கெனவே கையெழுத்திட்ட படிவங்களோடும் கொண்டுவந்தால், வாங்குவதற்கு முன் அந்த விற்பவரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.